சாவு வீட்டில் "அழாதீங்க" என்று சொல்பவர்களுக்கு

பெரிய வெள்ளியன்று மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஆலயத்தில் உட்கார்ந்து சிலுவையின் ஏழு வார்த்தைகளையும் கேட்டுக் கண்கலங்குகிறோம். அன்று மலேசியாவின் சபா, சரவாக்கில் பொது விடுமுறை, கோலாலம்பூரில் நாம் லீவு போட்டுத்தான் வருகிறோம். அப்படிப்பட்ட நாம், சாவு வீட்டுக்குப் போனால் மட்டும் ஏன் இப்படி மாறிவிடுகிறோம்?

செந்தூலில் ஒரு பிளாட். கணவனைப் பறிகொடுத்த அக்கா பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கதறுகிறார். ஜெபக் குழுவிலிருந்து வந்த ஒருவர் அவர் கையை விலக்கிவிட்டு, "அழக்கூடாது சிஸ்டர், அவர் ஆண்டவரிடம் போய்விட்டார், விசுவாசி அழுதால் சாட்சி கெட்டுப்போகும்" என்கிறார். அதாவது, மற்றவர்கள் முன்னால் நம் விசுவாசத்துக்கு இழுக்காம். அக்கா துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். சுற்றி நின்ற இந்து உறவினர்கள் பேச்சற்றுப் பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

இதற்கு ஆதாரமாக எல்லாரும் எடுப்பது 1 தெசலோனிக்கேயர் 4:13. கி.பி. 50-ஐ ஒட்டி பவுல் எழுதிய கடிதம் அது. இயேசு திரும்பி வருமுன்பே நம்மவர்கள் சாகிறார்களே, அவர்கள் கதி என்ன என்று தவித்த சபைக்கு எழுதினார். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறார், அவ்வளவுதான். துக்கமே கூடாது என்று அவர் எங்கே சொன்னார்? அதே பவுல்தான் கொரிந்தியருக்கு எழுதும்போது மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறார். சத்துரு வந்து வீட்டில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான், சிரித்த முகத்தோடு நிற்கச் சொன்னால் எப்படி?

இறந்துபோன லாசருவைக் கொஞ்ச நேரத்தில் உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே இயேசு பெத்தானியாவில் கண்ணீர் விட்டார். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருப்பதாகச் சீஷர்களிடம் சொன்னார். சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறினார். சாட்சி கெட்டா போயிற்று?

"உயிர்த்தெழுந்த இயேசு மகதலேனா மரியாளிடம் ஏன் அழுகிறாய் என்று கேட்டாரே" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். சரி, கேட்டார். கேட்டுவிட்டு அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டு வா என்று அதட்டவில்லை. வெறுங் கல்லறை முன்னால் அழுதுகொண்டு நின்றவளுக்குத்தான் யோவான் சுவிசேஷத்தில் முதல் தரிசனம். சீஷன் தோமாவிடம் வந்தபோதும் ஆணிக் காயங்கள் அப்படியேதான் இருந்தன. உயிர்த்தெழுந்தவர் நினைத்திருந்தால் அந்தத் தழும்பு இல்லாமலே வந்திருக்கலாமே! நடந்த சாவை அவர் மறைக்கவில்லை, அதைக் கையிலும் விலாவிலும் சுமந்துகொண்டே வந்து "உங்களுக்குச் சமாதானம்" என்றார். நான் உயிர்த்தெழுதலை முழு மனதோடு நம்புகிறேன். செராஸ் கல்லறையில் கிடக்கும் என் அம்மாவும் எழுந்து வருவார், அவரை நேரில் பார்ப்பேன் என்று நம்புகிறேன். ஆனாலும் அங்கே போகும்போதெல்லாம் அழுகிறேன்.

நம் சபை மூப்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடக்க ஆராதனையில் யாராவது அழத் தொடங்கினால் பாட்டைச் சத்தமாக எடுத்து அமுக்காதீர்கள், அழுது முடிக்கட்டும். அப்புறம் உயிர்த்தெழுதலைப் பேசும் 1 கொரிந்தியர் 15-ஐ அவசரப்படாமல் 58 வசனமும் வாசியுங்கள்.