மேகசினில் ஏறினால் மட்டும் போதாது

"ஏஆர்-15 ரைபிளின் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) ஏறும் எந்தத் தோட்டாவையும் அந்த ரைபிளில் சுடலாம்" என்ற பேச்சு அமெரிக்காவில் புதிதாகத் துப்பாக்கி வாங்குவோரிடையே சுற்றுகிறது. தவறு, அதுவும் ஆபத்தான தவறு.

.300 பிளாக்அவுட் என்ற தோட்டா, ஏஆர்-15-இல் வழக்கமாகப் போடும் 5.56 தோட்டாவுக்கான மேகசினில் அப்படியே உட்காரும். ஆனால் அதன் குண்டின் விட்டம் .308 அங்குலம். 5.56 குழலோ .224 அங்குலக் குண்டுக்கானது. சில வகை .300 தோட்டாக்கள், குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள்ளும் முழுதாக நுழைந்துவிடும், அதுதான் பயங்கரம். விசையை அழுத்தினால் குண்டு வெளியேற வழியின்றி அழுத்தம் எகிறி ரைபிளே வெடிக்கும். அப்படி வெடித்தும் இருக்கின்றன.

அப்புறம், .223 என்ற இன்னொரு தோட்டாவும் 5.56-ம் ஒன்றே என்பதும் சரியில்லை. 5.56 குழலில் .223 சுடலாம். .223 என்று மட்டும் பொறித்த குழலில் 5.56 கூடாது. குழலில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டே தோட்டா வாங்குங்கள். .300 பிளாக்அவுட், 5.56 என இரண்டு வகை ரைபிளும் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மேகசின்களை நிறம் பிரித்து வையுங்கள்.