ஜெயிலுக்கென்று தனிக் காசநோய் கிடையாது

"அரசரடி ஜெயிலில் இருந்து வருகிறவர்களுக்கு மருந்துக்கே அடங்காத காசநோய், அவர்கள் குடித்த டம்ளரைத் தொடாதீர்கள்" என்று மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு.

காசநோய் டம்ளரில் ஒட்டி வராது, இருமும்போது காற்றில்தான் பரவும். நெரிசலான அறையில் வேகமாகப் பரவும், சரி. ஆனால் ஜெயிலில் இருப்பதும் ஊரில் இருக்கும் அதே கிருமிதான். கைதிகளிடம் உள்ள கிருமிகளின் மரபணுக்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டு, ஒன்றுபோல இருந்தால் ஜெயிலுக்குள் பரவியது, வெவ்வேறாக இருந்தால் வெளியிலிருந்து வந்தது என்று ஊகிப்பார்கள். மாத்திரையைப் பாதியில் விட்டால் யாருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். அதற்கும் சிகிச்சை உண்டு, பலருக்கு 6 மாதத்தில் முடியும், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். விடுதலையாகி வந்தவரை வீட்டைவிட்டு விரட்டினால் அந்த மாத்திரைதான் முதலில் தவறும். 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ராஜாஜி ஆஸ்பத்திரியில் சளியைக் கொடுங்கள். காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா என்பதைச் சளியைச் சோதிக்கும் கருவி 2 மணி நேரத்துக்குள் காட்டிவிடும்.