சேருவதற்கு முன்பே தொடங்குங்கள்

இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று தெரிந்தால் மட்டும் போதாது. கிடைத்த பிறகு அந்த இரண்டு மாதம் எப்படிப் போகும் என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் என்றால் பிரைமர் (டிஎன்ஏ நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஆர்டர் கொடுத்துக் கைக்கு வரவே ஒரு வாரம் ஓடிவிடலாம். எனவே பேராசிரியரின் அண்மைக் கட்டுரைகளில் இரண்டையாவது, குறிப்பாகச் செய்முறைப் பகுதியை, படித்துவிட்டு, ஆய்வுக் கேள்வி என்ன, என்னென்ன பொருள் வேண்டும் என்பதை மின்னஞ்சலிலேயே பேசி முடித்துவிடுங்கள். அன்றாடம் கற்றுத்தருபவர் பெரும்பாலும் அங்குள்ள பிஎச்.டி. மாணவர்தான், அவருடைய நேரத்தையும் கேட்டு வையுங்கள்.

பிசிஆரில், அதாவது டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு நகலெடுக்கும் சோதனையில், நகலெடுக்க வேண்டிய டிஎன்ஏவைச் சேர்க்காத ஒரு குழாயை ஒவ்வொரு முறையும் வையுங்கள். டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும்போது, எதிர்பார்த்த அளவில் அதிலும் பட்டை தெரிந்தால் தண்ணீரிலோ பிரைமரிலோ வேறெதிலோ மாசு கலந்திருக்கிறது, அன்றைய முடிவு எதையும் நம்ப முடியாது. ஜெல்லின் அடியில், 100 கார இணை (டிஎன்ஏ நீளத்தின் அலகு) அளவுக்குக் கீழே மங்கலாகத் தெரிவது வேறு: பெரும்பாலும் பிரைமர்கள் தமக்குள் ஒட்டிக்கொண்டவை. பட்டையே வரவில்லையா? வெப்பநிலையையும் கலவையிலுள்ள மெக்னீசியத்தின் அளவையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

ஆறாம் வாரத்துக்குப் பிறகு புதிய சோதனை வேண்டாம். அறிக்கைக்கான படங்களுக்கே பத்து நாள் பிடிக்கும்.