பிட்கொயின் வாங்குவதற்கு முதல் ஒரு சாவியைத் தொலைத்துப் பாருங்கள்

"பிட்கொயின் இப்ப என்ன விலை, அண்ணா?" இன்பொக்ஸில் வருகிற கேள்விகளில் பாதி இதுதான். விலை கூகிளில் இருக்கிறது. விலையைப் பார்த்து உள்ளே வருகிறவர் விலை விழுந்த அன்றைக்கே வெளியே போவார், அறிமுகப்படுத்தியவனையும் திட்டிவிட்டுத்தான் போவார்.

என்னைக் கேட்டால், புதியவர் முதலில் பிட்கொயின் வாங்கவே கூடாது. எந்தக் கம்பனிக்கும் சொந்தமில்லாத சமூக ஊடகமான நொஸ்டரில் ஒரு கணக்குத் திறக்கட்டும்.

காரணம் சாவி. பிட்கொயினைச் சொந்தமாக வைத்திருப்பதென்றால் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைப் பத்திரமாக வைத்திருப்பது, அவைதான் உங்கள் சாவி. தொலைத்தால் வெள்ளவத்தை வங்கிக் கிளைக்குப் போய் அடையாள அட்டையைக் காட்டி, மனேஜரோடு கதைத்து மீட்க வழியில்லை. பாஸ்வேர்ட் மறந்தால் ஒரு பொத்தானை அழுத்திப் பழகிய எங்களுக்கு இது லேசில் உறைக்காது. காசு போனபிறகுதான் உறைக்கும்.

நொஸ்டரும் சாவியில்தான் ஓடுகிறது. 2020இல் ஃபியாட்ஜாஃப் என்ற புனைபெயர்க்காரர் தொடங்கியது. போன் நம்பர் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம். ஐபோனில் டாமஸ், அன்ட்ரொய்டில் அமெதிஸ்ட் என்ற செயலி போதும். திறந்ததும் இரண்டு சாவிகள் கிடைக்கும்: ஊருக்குக் காட்டுவது என்பப் (npub), ஒளித்து வைப்பது என்செக் (nsec). எழுதுவதெல்லாம் பல ரிலேக்களுக்கு, அதாவது பதிவுகளை வாங்கி வைத்து மற்றவர்களுக்குக் கொடுக்கும் சேர்வர்களுக்கு, போகும். ஒரு ரிலே உங்களைத் தூக்கினாலும் மற்றவற்றில் இருப்பீர்கள். வேறு செயலிக்கு மாறினாலும் அதே சாவி, அதே நண்பர்கள்.

சரி, முதல் வேலை இது. விளையாட்டாக ஒரு கணக்குத் திறந்து, என்செக்கைக் கையால் தாளில் எழுதுங்கள். 63 எழுத்துகள். பிறகு செயலியை அழித்துவிட்டு, தாளைப் பார்த்து உள்ளே வர முயலுங்கள். பலர் இங்கேதான் மாட்டுவார்கள், பெரும்பாலும் ஓ எழுத்தா பூச்சியமா என்ற குழப்பத்தில். தொடக்கத்தில் வரும் 'என்செக்1' என்பதற்குப் பிறகு ஓ எழுத்தே வராது, வட்டமாக இருந்தால் பூச்சியம். 1 என்ற இலக்கமும் வராது, ஒல்லியாக நிற்பது எல் எழுத்து. தாள் தொலைந்தால் போவது ஒரு பெயரும் நாலு பதிவும்தான். இதையே காசை வைத்துக்கொண்டு பழகுவானேன்?

அப்புறம் ஒரு லைட்னிங் வாலட்டை (பிட்கொயினைச் சின்னத் தொகைகளாக உடனே அனுப்பி வாங்கும் பணப்பை) கணக்கோடு இணைத்தால், யாராவது உங்கள் பதிவைப் பிடித்து 'ஸாப்' பண்ணுவார்கள், அதாவது சின்ன அன்பளிப்பு அனுப்புவார்கள், 21 சடோஷி வந்து விழும். ஒரு பிட்கொயினுக்கு 100 மில்லியன் சடோஷி என்பதால் அது சில்லறைக் காசுதான். ஆனால் முதல் பிட்கொயின் இப்படி வருவதுதான் அழகு.

கொழும்பில் ஹோட்டல் மண்டபம் எடுத்து, கோட் போட்டு, மாதாமாதம் இத்தனை வீதம் இலாபம் என்று சொல்பவர் விற்பது பிட்கொயின் இல்லை. ஆள் சேர்த்துக் காசு சேர்க்கும் பிரமிட் திட்டம் இலங்கையில் சட்டப்படி குற்றம். மத்திய வங்கி 2018இலிருந்து எச்சரித்து வருகிறது, 2021இல் வங்கி அட்டையால் கிரிப்டோவுக்குக் காசு கட்டுவதையும் தடுத்தது. "ரூபாய் சரிந்த 2022இல் பிட்கொயின் வைத்திருந்தால் தப்பியிருப்பாய்" என்பதும் முழுக் கதை இல்லை. அந்த வருடம் 46,000 டொலர் அளவில் தொடங்கிய பிட்கொயின் 17,000க்குக் கீழே முடிந்தது. ரூபாய் அவ்வளவு சரிந்தும், ரூபாய்க் கணக்கிலும் நட்டம்.

பிட்கொயின் பேச்சைவிட, நொஸ்டரைப் பூட்டுவது கஷ்டம் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை கூட. 2018, 2019, பிறகு 2022 ஏப்ரல் 3 என்று அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் பூட்டியது, சனம் விபிஎன் தேடி ஓடியது. சிதறிக் கிடக்கும் ரிலேக்களை அப்படி ஒரே மூச்சில் பூட்டுவது கஷ்டம். இணையத்தையே வெட்டினால் நொஸ்டரும் இல்லைதான். இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நொஸ்டரில் எழுதினால் பாயாது என்று நினைக்க வேண்டாம், எழுதுகிறவர் கொழும்பில்தானே இருக்கிறார். போட்டதை முழுதாக அழிக்கவும் உத்தரவாதமில்லை, பிள்ளைகளின் படங்களைப் போடாதீர்கள்.

நொஸ்டரில் தமிழ் ஆட்கள் குறைவு. அதனால்தான் இதையும் முகநூலில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கணக்குத் திறந்தவர்கள் கீழே என்பப்பைப் போடுங்கள், பின்தொடர்கிறேன். என்செக்கைப் போட்டுவிடாதீர்கள்.