ஓசிக் காசாம்ல!

ரெண்டு நாளா வாய மூடிட்டு இருந்துரலாம்னுதான் பாத்தேன். முடியல. ஞாயித்துக்கிழமை நம்ம நண்பர் போட்ட பதிவ பாத்திருப்பீங்க, பாக்காதவங்களுக்கும் யாராச்சும் அனுப்பியிருப்பாங்க, எனக்கே நாலு பேர் "இது உன்னோடதுதான?"ன்னு அனுப்புனாங்க. ஆமா, அந்தப் போட்டோல இருக்கற ரெண்டு ஸ்கிரீனும் என்னோடதுதான். 2020ல போக்கர்ங்கற சீட்டாட்டத்த ஆன்லைன்ல காசு வச்சு ஆடிட்டிருந்தப்ப ஒரு குரூப்ல பெருமையா போட்டது. பேர மறைச்சிட்டாராம், பெரிய மனசு. மேல எழுதியிருக்காரு, "கம்பெனி குடுக்கற ஓசிக் காசுக்கு ஆசைப்பட்டு எட்டு டேபிள் திறந்து வச்சு உக்காந்த கூட்டம்"னு. கம்பெனின்னா அந்த ஆட்டத்த ஆப்ல நடத்துறவன், எட்டு டேபிள்னா ஒரே நேரத்துல எட்டு ஆட்டம். கீழ 140 கமெண்ட்டு.

சூதாடின்னு திட்டியிருந்தா கூட சரி போகட்டும்னு விட்டிருப்பேன். இந்த ஓசிங்கற வார்த்தைதான் நெஞ்சுக்குள்ள நிக்குது.

கம்பெனி குடுத்த போனஸ் ஓசி இல்லைங்க. கூலி. வேணும்னா மட்டமான கூலின்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

தெரியாதவங்களுக்கு ஒருக்கா சொல்லிடறேன். 5,000 ரூபா கட்டுனா இன்னொரு 5,000 போனஸ்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான். அது கணக்குல தெரியும், ஆனா தொட முடியாது, பூட்டு போட்டு வச்சிருப்பான். போக்கர்ல ஒவ்வொரு பாட்லயும், அதாவது எல்லாரும் நடுவுல போடற பந்தயப் பணத்துல, கம்பெனி அஞ்சு பர்சன்ட் உருவிக்குவான், அதுக்குப் பேரு ரேக், க்ளப்ல சீட்டாடுறவங்களுக்குப் புரியும். என் பங்கு ரேக் 2,500 சேந்தா போனஸ்ல 500 ரூபா திறக்கும். அது மாதிரி பத்து தடவ. எல்லாம் 60 நாளைக்குள்ள, 61வது நாள் மிச்சமெல்லாம் ஆவி. அப்ப அந்த 5,000த்த முழுசா கையில வாங்கணும்னா 25,000 ரூபா ரேக் என் பேர்ல விழுந்திருக்கணும். எவனாச்சும் 25,000 வாங்கிட்டு 5,000 திருப்பிக் குடுத்தா அதுக்கு உங்க ஊர்ல ஓசின்னா பேரு?

நான் ஆடுனது ரெண்டு-நாலு டேபிள். கார்டு பாக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கட்டாயமா வைக்கற பணத்துல ஸ்மால் பிளைண்ட் ரெண்டு ரூபா, பிக் பிளைண்ட் நாலு ரூபா, 400 ரூபாயோட உக்காரலாம். ஒரு டேபிள்ல மணிக்கு 70 ஹேண்ட், அதாவது 70 தடவ கார்டு போட்டு ஆடற ஆட்டம், ஓடும். நல்ல கார்டு வந்தா மட்டும் உள்ள போயி மத்ததெல்லாம் ஃபோல்டு பண்ற, அதாவது கார்ட கீழ வச்சுட்டு ஒதுங்கிக்கற, என்னை மாதிரி ஆளுக்கு எட்டு டேபிளும் சேத்து மணிக்கு 125 ரூபா சுமாருக்கு ரேக் ஏறும். 25,000த்துக்கு 200 மணி நேரம். ராத்திரிக்கு நாலு மணி நேரம்னு அம்பது ராத்திரி. 5,000த்த 200ஆல வகுத்துப் பாருங்க, மணிக்கு 25 ரூபா. அதான் அந்த ஓசி. ஒரே டேபிள்ல உக்காந்தா மணிக்கு மூணு ரூபா, 60 நாள்ல பாதி கிணறு கூட தாண்ட முடியாது. எட்டு டேபிள் போட்டது பேராசைல இல்ல சாமி, வகுத்தல் கணக்குல.

அந்த 200 மணி நேரத்துல நம்ம சொந்தப் பணம் என்னாகும்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அம்பது ராத்திரிக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் ஹேண்ட் வருது. தப்பில்லாம ஆடி வரவும் செலவும் சமமா நிக்கறவன் கூட அத்தன ஹேண்ட்ல வெறும் கார்டு ராசில பத்தாயிரம் கீழ போய் நிக்கலாம், அது சர்வ சாதாரணம். போனஸ் அஞ்சாயிரம் வந்தும் நஷ்டம் அஞ்சாயிரம். அதுவும் எட்டு டேபிள்ல எவன் எப்படி ஆடுறான்னெல்லாம் பாக்க முடியாது, எங்க மணி அடிக்குதோ அங்க கைய வைக்கணும், அவ்ளோதான். கையில ரெண்டு ஏஸ், இருக்கறதுலயே நல்ல கார்டு, இருக்கறப்ப, பக்கத்து மானிட்டர்ல ஒரு பெரிய பாட்ட பாத்துட்டு இருந்து, டைம் முடிஞ்சு ஏஸ் ரெண்டும் தானா ஃபோல்டு ஆன கொடுமையெல்லாம் எனக்கு நடந்திருக்கு.

இன்னொண்ணு. ஓசிங்கற வார்த்தையே கும்பினிக்காரன், அதான் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன், காலத்து வார்த்தைம்பாங்க, கம்பெனி வேலையா போற தபாலுக்கு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டாம்னு ஓ.சி.ன்னு முத்திரை குத்துவாங்களாம். கம்பெனி வேலை, அதனால கம்பெனி செலவுன்னு அர்த்தமாம். எங்க விஷயத்துல கம்பெனி எத செலவு பண்ணுச்சு? கரண்ட் பில் நான் கட்டுனேன். நெட் பில் நான் கட்டுனேன். தூக்கமும் என்னோடது.

எதுக்கு இத ஆட ஆரம்பிச்சேன்னும் சொல்லிடறேன், இல்லேன்னா அதுக்கு ஒருத்தர் கத கட்டுவாரு. 2020 லாக்டவுன்ல நான் ஒரு பம்ப்செட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாத்துட்டிருந்தேன். ஏப்ரல்ல இருந்து பாதி சம்பளம். பையனுக்கு அப்ப ஒண்ணே கால் வயசு. ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட பழைய மானிட்டர் ஒண்ணக் கேட்டு வாங்கிட்டு வந்து லேப்டாப்ல மாட்டுனேன். ஒரே ரூம் வீடு, தொட்டில் பக்கத்துலயே டேபிள். பதினோரு மணிக்கு அவன் தூங்குனா மூணு மணி வரைக்கும் ஆட்டம். சத்தத்த அணைச்சா டைம் போறது தெரியாது, அதனால கம்மியா வச்சிருப்பேன், நம்ம முறை வந்தா "டொய்ங்"னு ஒரு சத்தம். எட்டு டேபிள்னா எப்படி இருக்கும்னு நினைச்சுக்கோங்க. பையன் அம்மா, அப்பாவுக்கு அப்புறம் சொன்ன மூணாவது வார்த்தை என்னன்னு வீட்ல யாரும் வெளிய சொல்றதில்ல. குக்கர் விசில் வந்தா கூட என்னத் திரும்பிப் பாத்து "டொய்ங்"ம்பான். எங்க அம்மாவும் சிரிச்சாங்க, மச்சான் மட்டும் சிரிக்கல. அவரு சிரிக்காததுக்கு இப்ப வரைக்கும் எனக்குக் கோபம் உண்டு, ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல.

இப்ப கமெண்ட்டுக்கு வர்றேன். "பாஞ்சாலிய வச்சு ஆடுனியா"ன்னு ஒருத்தர். இல்லைங்க, ஆடுனது எக்ஸெல் ஷீட்ட வச்சு. ஒவ்வொரு ராத்திரியும் எத்தன மணி நேரம், எத்தன ஹேண்ட், எவ்ளோ ரேக், எவ்ளோ திறந்துச்சுன்னு எழுதி வச்சவன் நான். தருமன் ஒரு தடவ எழுதிப் பாத்திருந்தா வனவாசமே போயிருக்க மாட்டான். "உழைச்சு சாப்பிடு"ன்னு இன்னொருத்தர், அவரு ப்ரொஃபைல்ல போயி பாத்தா எல்லாம் ஷேர் மார்க்கெட் ஆப்ஷன் டிப்ஸ். சரிங்க ஐயா.

"அதான் தடை பண்ணிட்டாங்கல்ல, தப்புன்னுதான தடை பண்ணாங்க"ன்னு ஒரு வாதம். எந்தத் தடையச் சொல்றீங்க? 2020 நவம்பர்ல தமிழ்நாட்டுல அவசரச் சட்டம் வந்துச்சு. அன்னைக்கு எனக்கு பத்துல ஏழு திறந்திருந்துச்சு, மிச்சம் 1,500. அக்கவுண்ட்ல இருந்த என் பணத்த எடுக்க விட்டான், அந்த 1,500 போயே போச்சு, கஸ்டமர் கேர்ல "உங்கள் மாநிலத்தில் சேவை இல்லை"ன்னு ஒரே பதில். பாதி வேலைல நிறுத்தி மிச்சக் கூலி இல்லைன்னா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு. அப்புறம் 2021 ஆகஸ்ட்ல ஹைகோர்ட் அந்தச் சட்டம் செல்லாதுன்னுச்சு. 2023ல திரும்ப சட்டம், அதே வருஷம் நவம்பர்ல ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்தான்னு அதே கோர்ட்டு. அதுக்கு முந்தின மாசமே டெபாசிட்டுக்கு 28 பர்சன்ட் ஜிஎஸ்டி வந்து, நூறு ரூபா போட்டா 78 ரூபா சொச்சம்தான் ஆட்டத்துக்குன்னு ஆயிருச்சு. ரெண்டு-நாலு டேபிள்ல அந்த ஓட்டைய எந்தத் திறமையும் அடைக்காது, நான் அப்பவே மூட்டையக் கட்டிட்டேன். 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் திறமையோ அதிர்ஷ்டமோ காசு வச்சு ஆடற ஆன்லைன் ஆட்டத்த யாரும் நடத்தவே கூடாதுன்னு முடிச்சு வச்சிருச்சு. நான் எழுந்து வந்து ரெண்டு வருஷம் கழிச்சு. அதனால என்னைப் பிடிச்சு யாரும் திருத்த வேண்டியதில்ல.

ரம்மில பணத்த விட்டு உயிர விட்டவங்களப் பத்தியும் கேட்டிருக்காங்க. அது வேற. நான் ஆடுனது ரம்மி இல்ல, லட்சக்கணக்குலயும் இல்ல. அதையும் இதையும் ஒண்ணா சேக்காதீங்க.

"உங்கள மாதிரி ஆளுங்கள கம்பெனி எதுக்கு வச்சுச்சு, லூசா அவன்"னு ஒரு தம்பி கேட்டிருக்கான். இத்தன கமெண்ட்ல இது ஒண்ணுதான் உருப்படியான கேள்வி. நல்லா கேளு தம்பி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தன் ஆப்ப திறக்கறான்னா அங்க டேபிள் ஓடிட்டு இருக்கணும். ஆள் இல்லேன்னா மூடிட்டுப் படுத்துருவான். அந்த நேரத்துல எட்டு எட்டு டேபிள்ல உக்காந்து கடைய அணையாம வச்சிருந்தது எங்கள மாதிரி நாலஞ்சு பேருதான். நாங்க இல்லேன்னா அந்த நேரத்துல ஒரு டேபிள் ஓடாது. அதுக்குத்தான் போனஸ். அதனாலதான் சொல்றேன் கூலி கூலின்னு.

ஒண்ணாந்தேதி ராத்திரி கூட்டம் அதிகம் இருக்கும், சம்பளம் விழுந்திருக்கும்ல. அப்படி ஒரு ஒண்ணாந்தேதி, மணி ரெண்டுக்கு மேல, ஒருத்தன் 400 கொண்டாந்து விட்டான், திரும்ப 400, திரும்ப 400. நான் கவனிக்கல, மத்த ஏழுல டொய்ங் டொய்ங்னு அடிச்சிட்டு இருந்துச்சு. ஆளுங்க ஒவ்வொருத்தரா எழுந்து போக ஆரம்பிச்சதும் சாட்ல இங்கிலீஷ் எழுத்துல தமிழ்ல ஒரு வரி வந்துச்சு, "யாரும் எந்திரிச்சு போயிராதீங்க ப்ளீஸ்"னு. அப்பதான் அந்த டேபிள்ல கண்ணு போச்சு. எனக்கு அடுத்த 500 திறக்க இன்னும் 140 ரூபா ரேக் பாக்கி. நான் எந்திரிக்கல. அவன் கேட்டதுக்காக இருந்தேன்னு அப்ப நினைச்சுக்கிட்டேன். மறுநாள் ஹேண்ட் ஹிஸ்டரி, அதான் ஆடுன ஆட்டமெல்லாம் பதிவாகியிருக்கற லிஸ்ட், எடுத்துப் பாத்தேன், பதினோரு தடவ 400. எங்கிட்ட வந்தது 1,100தான், மத்தது மத்தவங்களுக்கும் ரேக்குக்கும் போச்சு. எக்ஸெல்ல அந்த நாளுக்கு நேரா "குட் செஷன்"னு நானே டைப் பண்ணி வச்சிருக்கேன், நேத்து திறந்து பாத்தேன், அப்படியே இருக்கு.

சரி, எதுக்கோ ஆரம்பிச்சு எங்கயோ போயிட்டேன். நண்பரே, நீங்க என்ன எழுதுனாலும் எழுதிக்கோங்க, ஓசின்னு மட்டும் எழுதாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன். இப்ப அதையும் விடுங்க. அந்தப் போட்டோல வலது ஓரத்துல, பழைய மானிட்டருக்குப் பின்னாடி, ஒரு பச்சக் கலர் சேலை தொங்கும் பாருங்க. அது தொட்டில். கீழ கால் தெரியுது. என் பேர மறைச்சீங்க, அதப் பாக்கல போல. அந்த ஓரத்த மட்டும் கட் பண்ணிட்டுப் போடுங்க.