பள்ளிக்கூடச் சம்பளத்தில் ஒரு குடும்பம் ஓடுமா?

"வாத்தியாருக்கென்ன, வருஷத்துல பாதி நாள் லீவு" என்று சொல்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி ஊழியர் சம்பளம் என்றதும் பலர் மனதில் வந்து நிற்பவர், நிரந்தரப் பணியில் பல வருட சர்வீஸ் முடித்த ஓர் ஆசிரியர். அவரை வைத்துக் கணக்குப் போட்டால் குடும்பம் ஓடும் என்றுதான் பெரும்பாலும் விடை வரும். சரி, ஒரு பள்ளிக்கூடம் அவரால் மட்டுமா நடக்கிறது? ஒப்பந்த ஆசிரியர், ஒரு பீரியடுக்கு இவ்வளவு என்று வாங்குபவர், அலுவலக எழுத்தர், ஆய்வக உதவியாளர், வண்டி ஓட்டுபவர், கழிப்பறை கழுவுபவர், கேட்டில் நிற்பவர் என்று எத்தனை பேர். இவர்களில் சிலர் பள்ளியின் சம்பளப் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள், நடுவில் ஒரு கான்ட்ராக்டர் இருப்பார், சம்பளம் ஏன் குறைவு என்று கேட்டால் பள்ளி அவரைக் காட்டும், அவர் பள்ளியைக் காட்டுவார்.

எனக்குப் படுவது இதுதான்: இந்த வேலைகளில் பலவற்றுக்குச் சம்பளம் நிர்ணயிக்கும்போதே, வீட்டில் வேறு யாரோ சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொண்டுதான் நிர்ணயிக்கிறார்கள். வேலைக்கு வரும் பெண்ணிடம் "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்பது வெறும் குசலம் இல்லை. கணவர் சம்பாதித்தால் இது ஒத்தாசைக்கு வரும் பணம், குறைவாகக் கொடுத்தாலும் போய்விட மாட்டார் என்ற கணக்கு அதில் இருக்கிறது. கணவர் இல்லாதவருக்கும் அதே தொகைதான். தனி ஆளாக அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஆணுக்கும் அதேதான்.

ஒரு குடும்பத்துக்கு என்ன வேண்டும் என்பதை ஒழுங்காகக் கணக்குப் போட்டுப் பார்க்காமலும் இல்லை. 1957-இல், அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கூடிப் பேசும் இந்தியத் தொழிலாளர் மாநாடு தன் 15-ஆவது கூட்டத்தில் குறைந்தபட்சக் கூலிக்கு ஓர் அளவு வகுத்தது. சம்பாதிப்பவர் ஒருவர், அவரை நம்பி இருப்பவர்களையும் சேர்த்து 3 பெரியவர்கள் சாப்பிடும் அளவு (நால்வர் குடும்பம்தான், பிள்ளைகளுக்குப் பங்கு குறைவு என்பதால் மூன்றாகக் கணக்கு), பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 2,700 கலோரி, நால்வர் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, அப்புறம் எரிபொருள், விளக்கு, சில்லறைச் செலவுகளுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். பிள்ளைகளின் படிப்புச் செலவு அதில் இல்லை, மருத்துவமும் தனியாக இல்லை. பல வருடங்கள் கழித்து ஒரு தொழிலாளர் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் படிப்பு, மருத்துவம், முதுமை, கல்யாணம் போன்றவற்றுக்கு 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. அந்த 25 சதவீதத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள் பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே வேலை செய்கிறார்கள்.

ஆசிரியர்களுக்காவது உலக அளவில் ஒரு காகிதம் இருக்கிறது. 1966 அக்டோபர் 5-இல் ஐ.நா.வின் கல்வி அமைப்பான யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவும் சேர்ந்து கொண்டுவந்த பரிந்துரை, ஆசிரியரும் அவர் குடும்பமும் நியாயமான தரத்தில் வாழச் சம்பளம் போதுமானதாக இருக்க வேண்டும், மேற்கொண்டு படிக்கவும் அதில் இடம் வேண்டும் என்று சொல்கிறது. அந்தத் தேதியில்தான் உலக ஆசிரியர் தினம் என்று வாழ்த்து அனுப்புகிறோம். பரிந்துரை என்பதால் யாரையும் கட்டாயப்படுத்தாது. பெருக்குபவரும் ஓட்டுநரும் அதில் வரவும் மாட்டார்கள்.

விடுமுறைக்கு வருகிறேன். விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது என்று எடுக்கப்படுகிற ஒப்பந்த ஊழியருக்கு அது லீவு இல்லை, வேலையில்லாக் காலம். வாடகையும் மருந்துச் சீட்டும் பன்னிரண்டு மாதமும் வருகின்றன. ஆகவே மாதச் சம்பளத்தை மட்டும் கேட்டு "பரவாயில்லையே" என்று சொல்லாமல், வருஷத்துக்குக் கையில் வருவதை 12-ஆல் வகுத்துப் பாருங்கள். பிடித்தம் போக வருவதைத்தான் சொல்கிறேன்.

சம்பளம் போதுமா என்று கண்டுபிடிக்க நிபுணர் குழு எல்லாம் தேவையில்லை என்பது என் எண்ணம். சாயங்கால ட்யூஷன், ஞாயிற்றுக்கிழமை வேலை, துணைவரின் வருமானம், கைமாற்று, அடகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அந்த மாதம் ஓடுமா? ஓடாது என்றால் சம்பளம் போதவில்லை. இதில் ட்யூஷன் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. பகலில் தன் வகுப்பில் இருக்கும் பிள்ளையே சாயங்காலம் காசு கொடுத்துப் படிக்க வந்தால், பகல் வகுப்பில் எதைச் சொல்லித் தருவது, எதை மிச்சம் வைப்பது என்ற கேள்வி அந்த ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வந்துவிடும். ஆசிரியர்களைத் திட்டுவது சுலபம், சம்பளத்தைத் திருத்த யாரும் வருவதில்லை.

சின்னப் பள்ளிகளின் நிர்வாகம் "ஃபீஸே சரியாக வருவதில்லை, எங்கிருந்து கொடுப்பது" என்று கேட்கும். நியாயம்தான், சில இடங்களில் அது உண்மையும் கூட. ஆனால் புதுக் கட்டடத்துக்கும் விளம்பரத்துக்கும் பணம் கிடைக்கிற பள்ளியும் அதே வசனத்தைச் சொல்லும்போது நம்ப முடியவில்லை. கணக்கைக் காட்டட்டும், பேசலாம். "சேவை மனப்பான்மை" என்று ஆரம்பித்தால் மட்டும் நான் எழுந்து போய்விடுவேன், கட்டடம் கட்டும் ஒப்பந்தக்காரரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஃபீஸ் ஏன் ஏறியது என்று கேட்பீர்கள் அல்லவா, கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: ஏறியதில் எவ்வளவு சம்பளத்துக்குப் போகிறது, கேட்டில் நிற்பவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் விடுமுறை மாதச் சம்பளம் உண்டா? என்ன பதில் வந்தது என்று கமென்ட்டில் எழுதுங்கள். பள்ளி பெயர் வேண்டாம்.