சகாகவியா முழு வழியும் காட்டவில்லை

சகாகவியா, ஷோஷோனி என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த பெண்; 1804-06இல் அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் குழுவோடு பயணித்தவர். "செயின்ட் லூயிஸிலிருந்து பசிபிக் வரை அந்தக் குழுவுக்கு வழிகாட்டியே சகாகவியாதான்" என்று சொல்லப்படுவது தவறு. செயின்ட் லூயிஸில் அவர் இல்லவே இல்லை. இன்றைய வடக்கு டகோட்டாவில், மாண்டன் கோட்டையில்தான் சேர்ந்தார். 1805 ஏப்ரலில் புறப்படும்போது கைக்குழந்தைக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அவருடைய முக்கிய வேலை மொழிபெயர்ப்பு. மலையைக் கடக்கக் குதிரை வேண்டும், அது ஷோஷோனிகளிடம் இருந்தது. ஷோஷோனி மொழியில் கேட்டதை அவர் ஹிடாட்சா என்ற இன்னொரு பழங்குடியின் மொழியில் கணவர் ஷார்போனோவிடம் சொல்வார். ஷார்போனோ பிரெஞ்சில் குழுவைச் சேர்ந்த லபீஷிடம். லபீஷ் ஆங்கிலத்தில் லூயிஸ், கிளார்க்கிடம். பதிலும் இதே சுற்றில் திரும்ப வேண்டும். ஆகஸ்ட் 17 அன்று இப்படிப் பேச உட்கார்ந்தபோதுதான் எதிரே இருந்த ஷோஷோனித் தலைவர் காமியாவெயிட் தன் சகோதரர் என்று சகாகவியா கண்டுகொண்டார். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, தன் போர்வையை அவர் மேல் போர்த்தி அழுதார். சிறுமியாக இருந்தபோது ஹிடாட்சாக்கள் பிடித்துக்கொண்டு போனபின் அன்றுதான் சந்திப்பு.

பிட்டர்ரூட் மலைகளில் வழிகாட்டியவர் 'ஓல்டு டோபி' என்ற ஷோஷோனி முதியவர்.

அதற்காக சகாகவியா வழியே காட்டவில்லை என்பதும் சரியல்ல. பீவர்ஹெட் பாறையை அடையாளம் சொன்னார்; 1806 ஜூலையில் கிளார்க்கை இன்றைய போஸ்மன் கணவாய் வழியே போகச் சொன்னவரும் அவரே. சம்பளம்? கணவருக்குச் சுமார் 500 டாலர், அவருக்கு ஒன்றுமில்லை.